கண்ணுக்குத் தெரியாததை எண்ணியவர்கள்

1897-இல் பெர்லினில் வால்டர் காஃப்மனும் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சனும் கேத்தோடு கதிரைக் காந்தத்தால் வளைத்து, அதன் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார்கள். குழாயில் எந்த வாயுவை அடைத்தாலும் எண் மாறவில்லை. துகள் என்ற கருதுகோள் மட்டும் இதை விளக்கப் போதாது என்று எழுதிவிட்டுக் காஃப்மன் நிறுத்திக்கொண்டார். தாம்சனோ, எல்லா அணுவிலும் இருக்கும் ஒரே துகள் இது என்று துணிந்து, அதன் மின்னூட்டத்தைத் தனியே அளக்கப் புறப்பட்டார். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த பெயர் அவருக்குப் போயிற்று. புலனுக்கு எட்டாததைப் பேசாதே என்ற எர்ன்ஸ்ட் மாக்கின் தத்துவம்தான் காஃப்மனைத் தடுத்தது என்பார் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க். முழுக் காரணமும் அதுவாக இராது. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்று நம்புகிறவருக்குத்தான் அதன் எடை என்ன என்று கேட்கத் தோன்றும். அறிவியல் மெய்ம்மைவாதம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை இதுதான்.

பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் 1908-இல் செய்ததைப் பாருங்கள். ஓவியர்கள் மஞ்சள் வண்ணத்துக்கு வாங்கிய காம்போஜ் பிசினில் ஒரு கிலோவை எடுத்து, மையவிலக்குப் பொறியில் மாதக்கணக்கில் சுழற்றினார். ஒரே அளவான மணிகளாக அவருக்குத் தேறியது ஒரு கிராம்கூட இல்லை. அவற்றை நீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் அடுக்கடுக்காக எண்ணினார். 30 மைக்ரான் மேலே போகும்போதெல்லாம் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது: 100, 47, 23, 12. மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுகின்றன என்று வைத்துக்கொண்டால் வரவேண்டிய கணக்கு அது. அதிலிருந்து கிடைத்த அவகாட்ரோ எண்ணும், கதிரியக்கம், வானத்தின் நீலம் போன்ற தொடர்பில்லாத வழிகளில் கிடைத்த எண்ணும் நெருங்கி நின்றன. அணுவை வெறும் கணக்கு வசதி என்று பல ஆண்டுகள் வாதாடிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1909-இல் இறங்கிவந்தார்.

இந்த மெய்ம்மைவாதத்துக்குத் தத்துவ அறிஞர் லாரி லாடன் 1981-இல் எழுப்பிய மறுப்பு லேசானதல்ல. வெப்பம் என்று கருதிய கலோரிக், ஒளி பரவும் ஊடகம் என்று கருதிய ஈதர் என்று வெற்றிகரமாகக் கையாண்ட எத்தனையோ பொருள்கள் இல்லாமலே போய்விட்டன. இன்றையவை மட்டும் நிலைக்கும் என்பதற்கு என்ன உறுதி? உறுதி கிடையாது. வெவ்வேறு வழிகள் ஒரே எண்ணில் வந்து முடியாதவரை சந்தேகம் நியாயமே. மாக்கின் சந்தேகம் ஐன்ஸ்டைனுக்கு உதவியதையும் மறுக்க முடியாது. ஆனால் ஈதர் எப்படி வீழ்ந்தது? அது வெறும் கணக்கு வசதி என்று கருதுகிறவருக்கு பூமி அதனூடே ஓடும்போது எதிரே வீசவேண்டிய ஈதர் காற்றை அளக்கும் தேவையே இல்லை. மைக்கேல்சனும் மோர்லியும் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டதால்தான், 1887-இல் கிளீவ்லாந்தில் கனத்த கல் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, கருவியைத் திருப்பித் திருப்பி அளந்தார்கள். எதிர்பார்த்த அளவு ஒளிப்பட்டைகளின் நகர்வு எந்தத் திசையிலும் தென்படவில்லை.