உங்களுக்குத் தெரியுமா? வெயில் ஊரில் வைட்டமின் டி பஞ்சம்!

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் பக்கம் வெயிலுக்கு என்றுமே குறைவில்லை. ஆனாலும்...

■ மாதவிடாய் நின்ற 164 பெண்களைப் பரிசோதித்து, திருப்பதி 'ஸ்விம்ஸ்' மருத்துவமனை ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 82 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி போதுமான அளவில் இல்லை.

■ நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களுக்கும் இந்தச் சத்து தேவை. வயது ஏற ஏற, அதைத் தயாரிக்கும் திறன் தோலுக்குக் குறைகிறது. காலை இளவெயிலைவிட, பகல் 11 முதல் 2 மணி வரை அடிக்கும் வெயிலில்தான் அது நன்றாக உருவாகிறது.

■ அதற்காகக் கண்ட சத்து மாத்திரையையும் விழுங்க வேண்டாம். வைட்டமின், தாதுச் சத்து மாத்திரைகள் முதியவர்களின் தொற்றுநோய் நாட்களைப் பாதியாகக் குறைக்கும் என்று, இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ரஞ்சித் சந்திரா 1992-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். நம்பகமற்றது என்று 2016-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது.

■ 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான் எழுதித் தருவார்கள். மறதியில் தினமும் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். தாத்தா, பாட்டியின் மாத்திரை அட்டையில் கிழமையை எழுதி வையுங்கள்.