கேலி எப்போது குற்றமாகும்? பள்ளிப் பிள்ளைகளும் சட்டமும்

"பசங்கன்னா அப்படித்தாம்மா இருப்பாங்க. பெரிசு பண்ணாதீங்க."

ஊரிகத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு தாயிடம் நான் சொன்ன சொற்கள் இவை. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் நம்மவர்களுள் அவரும் ஒருவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஏழாவது படித்த மகனை உடன்படிப்பவர்கள் சாதியைச் சொல்லியும் லைன் வீட்டைச் சொல்லியும் கூப்பிடுகிறார்கள், சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கி ஒளிக்கிறார்கள் என்பது அவருடைய முறையீடு. நான் அனுப்பிவிட்டேன். பையன் அந்த ஆண்டோடு படிப்பை நிறுத்தினான்.

ஓய்வு பெற்ற பின்தான் இதுபற்றிய சட்டங்களைத் தேடிப் படித்தேன். படித்ததை நம் மலரின் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பேச்சு எடுத்தாலே நினைவுக்கு வருவது நாவரசு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர். 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் அது கேலிவதைத் தடைச் சட்டமாயிற்று. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தையானவராகவே அச்சட்டம் கருதுகிறது. என்னைப் போன்றவர்களைக் குறிவைத்த வரி அது என்றே எனக்குப் படுகிறது. கொலை வழக்கோ உயர் நீதிமன்றத்தில் விடுதலை வரை போய், 2011இல் உச்ச நீதிமன்றத்தில்தான் தண்டனை உறுதியாகி முடிந்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஜோலார்பேட்டையைத் தாண்டி இங்கே வராது. அப்படியானால் கோலார் தங்கவயல் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. கர்நாடகக் கல்விச் சட்டம் 1983ஆம் ஆண்டினது, 1995இல் நடைமுறைக்கு வந்தது. வேடிக்கை என்ற பெயரிலோ வேறு வகையிலோ ஒரு மாணவரை மிரட்டி, தடுத்து, அடித்து, அவருடைய மானத்துக்குக் குறைவான அல்லது பிறர் நகைப்புக்கு இடமான செயலைச் செய்யவைப்பது அச்சட்டப்படி குற்றம். 116ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைக் கல்லூரிக்கு மட்டும் உரியதென்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். சட்டம் 'மாணவர்' என்றுதான் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் நிலை வேறு. அவற்றுக்கு 2015இல் வாரியமே தனிச் சுற்றறிக்கை அனுப்பி, பள்ளிதோறும் இதற்கென ஒரு குழு வேண்டும் என்றது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் அடிக்கவோ மனத்தளவில் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆயினும் அதன் தண்டனை பணிவிதிப்படியான ஒழுங்கு நடவடிக்கை. ஆகவே அது ஆசிரியரைத்தான் பிடிக்கும், பக்கத்து பெஞ்சுப் பையனைப் பிடிக்காது. வகுப்பில் சாதியையோ மொழியையோ சொல்லிக் கிண்டலடிக்கும் 'சார்' ஒருவர் இருந்தால் இந்தப் பிரிவு உதவும். உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சாதி சொல்லி இழிவுபடுத்துவது வேறு வகை. பட்டியல் சாதிப் பிள்ளையை, அப்பட்டியலில் இல்லாத ஒருவர், பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்ததைப் பள்ளியில் சொன்னதற்காக, அந்த மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிழைத்தெழுந்த அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டே பிளஸ் டூ தேறினார். அதற்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது.

"சின்னப் பசங்களை ஜெயில்ல போடவா சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். இல்லை. ஏழு வயதுக்குட்பட்டவர் செய்வது எதுவும் குற்றமே ஆகாது. பன்னிரண்டு வரை, விளைவை அறியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வரை சிறார் நீதி வாரியம்தான். அடித்த பிள்ளையும் பிள்ளைதான். நான் சட்டத்தைச் சொல்வது பள்ளியை அசைப்பதற்காக. வாய்ச்சொல்லை நான் தட்டிவிட்டதுபோல் எழுத்தைத் தட்டிவிட முடியாது.

இப்போது மாலையில் சில பெற்றோர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். கன்னடத்தில் மனு எழுதித் தருகிறேன்: தேதி, நேரம், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று. எப்போதும் இரண்டு படி. ஒன்று தலைமையாசிரியருக்கு; மற்றதில் பள்ளி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக் கொண்டு வரச் சொல்கிறேன். நகர்வு இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. அவசரமென்றால் 1098, இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அந்தத் தாய் மட்டும் இதுவரை வரவில்லை.