மின்சாரம் தடைபட்டாலும் நீரை இறைக்கும் பம்பு: பொருத்தும் முன் அறிய வேண்டியவை

சாலைக்கு மேலும் மேலும் தார் போட்டு உயர்த்தும்போது, அதன் ஓரத்திலுள்ள பழைய வீடுகளின் தரை தாழ்ந்து போகிறது. சிம்பாங் அம்பாட் போன்ற சிறு பட்டணங்களில் இத்தகைய வீடுகளில் வசிப்போருக்கு மழைக்காலம் என்றாலே கவலைதான். அடுப்படிப் பின்புறத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் தேங்கும் நீர் தானாகக் கால்வாய்க்குப் போகாது. அதனால் சிலர் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டி, அதில் நீர்மூழ்கிப் பம்பு ஒன்றை வைத்து இறைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கனமழை இடி மின்னலோடுதான் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரை மாநிலங்களில் மாலை நேர இடிமழை அதிகம். மின்னல் வெட்டினால் இ.எல்.சி.பி. என்று பலரும் சொல்லும் கசிவு மின்துண்டிப்பான் விழுந்துவிடும். சில வேளைகளில் வட்டாரம் முழுவதுமே மின்சாரம் போய்விடும். பம்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது நின்றுபோகிறது. இருட்டில், தேங்கிய நீரில் இறங்கி, பம்பின் வயரைத் தொட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

இதற்கு ஒரு மாற்றாக வட அமெரிக்காவில், நிலத்தடி அறைகள் உள்ள வீடுகளில், நீர்விசைப் பம்பு பயன்பாட்டில் உள்ளது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். குடிநீர்க் குழாயின் அழுத்தமே இதை இயக்குகிறது.

*எப்படி வேலை செய்கிறது?*

முன்பு தோட்ட வீடுகளில் கொசு மருந்து அடிக்கப் பயன்பட்ட தகரக் கைப்பம்பைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பிடியைத் தள்ளினால் காற்று வேகமாகப் பாயும். கீழேயுள்ள டப்பாவிலிருந்து மருந்து தானாக மேலே ஏறி, காற்றோடு கலந்து சிதறும். நீர்விசைப் பம்பும் ஏறக்குறைய அப்படித்தான். குழாய் நீர் ஒரு குறுகிய துளை வழியாக வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் குழியிலுள்ள நீரை மேலே இழுக்கிறது. குறுகலான பகுதியில் அழுத்தம் குறையும் இந்தத் தன்மையை இத்தாலிய அறிவியலாளர் வெஞ்சூரி 1797-இல் விளக்கினார்.

குழியில் நீர் குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்ததும் ஒரு மிதவை எழும்பி வால்வைத் திறக்கும். நீர் இறங்கியதும் மூடும். கழிப்பறைத் தொட்டியிலுள்ள மிதவையைப் போன்ற எளிய அமைப்பு இது.

*மேல்தொட்டி நீர் போதுமா?*

போதாது. இதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம். இவ்வகைப் பம்புகள் பலவற்றுக்குக் குறைந்தது 40 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 2.8 பார் அழுத்தம் தேவை. 10 மீட்டர் உயர நீருக்கு ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. கூரைக்கு அடியில் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி 0.4 பார் மட்டுமே தரும். எனவே மீட்டரைத் தாண்டி, தொட்டிக்குப் போகும் முன்னுள்ள பிரதான குழாயிலிருந்துதான் இணைப்பு எடுக்க வேண்டும். அரை அங்குலக் குழாய் போதாது. முக்கால் அங்குலமாவது வேண்டும்.

வாங்கும் முன் வாசல் குழாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பது நல்லது. எல்லாரும் குளிக்கும் காலை நேரத்தில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அளக்க வேண்டும். காலை அளவே 2.8 பாருக்குக் கீழே இருந்தால் இந்தப் பம்பு அந்த வீட்டுக்குப் பொருந்தாது. கிணற்று நீரையோ தோட்டத்துத் தொட்டி நீரையோ நம்பியிருக்கும் வீடுகளுக்கும் இது உதவாது.

*அண்டை வீட்டாரின் குடிநீர்*

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். இந்தப் பம்பில் குடிநீர்க் குழாயும் அழுக்கு நீர்க் குழியும் ஒரே கருவியில் சந்திக்கின்றன. சாலையில் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புப் படையினர் அருகில் நீர் எடுத்தாலோ, பிரதான குழாயில் அழுத்தம் திடீரென விழும். அப்போது குழியின் அழுக்கு நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு, முழுத் தாமானின் குடிநீரிலும் கலக்க வாய்ப்புண்டு. சாதாரண ஒருவழி வால்வு இதற்குப் போதாது. அழுத்தம் விழுந்தால் நீரை வெளியே கொட்டிவிடும் வகையிலான பின்னோட்டத் தடுப்பு வால்வு அவசியம்.

2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் (சட்டம் 655) கீழ், வீட்டுக் குழாய் அமைப்பு தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் விதிகளுக்கு உட்பட்டது. குழாயில் பொருத்தும் பொருள்களுக்கும் ஸ்பான் அங்கீகாரம் வேண்டும். ஆகவே இணையத்தில் வாங்கித் தாமே மாட்டிவிடாமல், முதலில் மலாக்கா நீர் நிறுவனத்திடம் விசாரித்து, ஸ்பான் அனுமதி பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு செய்வதே முறை.

*பொருத்தும்போது*

- நீர்விசைப் பம்பின் மிதவை, மின்பம்பின் மிதவையை விட உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மின்பம்பு தவறினால் மட்டும் இது இயங்கும்.
- இரண்டு பம்புகளுக்கும் தனித்தனி வெளியேற்றக் குழாய் வேண்டும். அதன் வாய் கால்வாயின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.
- குழிக்கு மூடி கட்டாயம். குழந்தைகள் தவறி விழாமலும் ஏடிஸ் கொசு முட்டையிடாமலும் அது காக்கும்.
- மாதம் ஒரு முறை மிதவையைக் கையால் தூக்கிச் சோதிக்க வேண்டும்.

*செலவாகும் நீர்*

நல்ல அழுத்தம் இருந்தால், 1 லிட்டர் குழாய் நீர் சுமார் 2 லிட்டர் குழி நீரை வெளியேற்றும். நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைத்தால் 30 லிட்டர் குடிநீர் போகும். ஒரு மணி நேரத்தில் 1,800 லிட்டர். அதாவது 200 கேலன் வீட்டுத் தொட்டி இரண்டின் நீர். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த மலாக்கா மக்களுக்கு அந்த நீரின் அருமை தெரியும். அதனால் இது அவசரத் துணை மட்டுமே. அன்றாடப் பம்பு அல்ல.

ஆறு பெருகி வரும் வெள்ளத்தையும் இது தடுக்காது. வெளியே நீர் உயர்ந்துவிட்டால் இறைத்த நீர் வீட்டுக்கே திரும்பும். அந்த நிலையில் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு மேடான இடத்துக்குச் செல்வதே சரி. ஆனால் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு நீரில் நடந்துதான் போக வேண்டுமென்றால், அதைத் தொடாமல் வெளியேறி, தெனாகா நேஷனலுக்குத் தகவல் தர வேண்டும்.

குழாய் அழுத்தம் குறைந்த வீடுகளுக்கும் நீர்த்தடை அடிக்கடி ஏற்படும் இடங்களுக்கும் பேட்டரியில் ஓடும் துணைப் பம்பே ஏற்றது. எதைத் தேர்ந்தாலும், முதல் இடிமழைக்கு முன்பே மின்பம்பின் இணைப்பை நிறுத்திவிட்டு, குழியில் நீர் ஊற்றி, துணைப் பம்பு தானாக எழுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.