உள்ளே எது, வெளியே எது?

எங்கள் ஊரின் பழைய வீடுகளில் நெல்லை வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. அன்றாடம் உலையில் இட வேண்டிய அரிசி அடுக்களைப் பானையில் இருக்கும். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நெல் கூடத்து மூலையில் உள்ள குதிரில் இருக்கும். அடுத்த பட்டத்திற்குரிய விதைநெல் வைக்கோற்புரி சுற்றிய கோட்டையாகத் தனியே இருக்கும். குதிர் நெல்லைப் பானையில் கொட்ட எவரும் முயன்றதில்லை. விதைநெல்லைச் சோறாக்கவும் எவரும் துணிந்ததில்லை. எதை எங்கே வைப்பது என்ற இந்தத் தெளிவு, கணினியில் இடம் போதவில்லையே என்று தவிக்கும் மாணவ நண்பர்களுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. அத்தெளிவை நானே சற்று விலைகொடுத்துத்தான் பெற்றேன். அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இடம் போதாமை கணினிக்குப் புதிய குறை அன்று. அது கணினியுடனேயே பிறந்த குறை. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக வன்தட்டுச் சேமிப்பகம் ஒன்றை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய பெரும் பொறி அது. அதில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். இன்று நாம் செல்பேசியில் எடுக்கும் ஒரே ஓர் ஒளிப்படத்திற்கே அவ்விடம் போதுமோ போதாதோ என்று ஐயுற வேண்டும்!

1962ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினி இக்குறைக்கு ஓர் அழகான வழி கண்டது. அதன் விரைவான நினைவகத்தில் 16,384 சொற்களே அடங்கும். வேகம் குறைந்த காந்த உருளையில் அதைப் போல் ஆறு மடங்கு அடங்கும். டாம் கில்பர்னும் அவருடன் உழைத்தவர்களும் அவ்விரண்டையும் ஒரே நினைவகம் போல் இயங்குமாறு அமைத்தார்கள். உள்ளே இடம் நிறைந்துவிட்டால், எந்தப் பகுதி இனி நெடுநேரம் தேவைப்படாது என்று பொறியே மதிப்பிட்டு, அதை உருளைக்கு அனுப்பிவிடும். அட்லஸ் நொடிக்கு நொடி செய்த இவ்வேலையை நாம் மாதம் ஒரு முறை நம் கையால் செய்தால் போதும்.

இன்று மாணவர் ஒருவர் கையில் இருக்கக்கூடிய மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளே 256 ஜிகாபைட் கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் திரையில் 238 என்றே காண்கிறது. குறைந்தது எங்கே என்று பலர் கேட்கிறார்கள். எதுவும் குறையவில்லை. செய்தவர்கள் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024இன் மடங்காக எண்ணுகிறது. மரக்கால் மாறினால் அளவும் மாறும் அன்றோ? அந்த இடத்திலும் விண்டோசும் அன்றாடம் பயன்படும் செயலிகளும் ஒரு பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதில் பாடக் குறிப்பு, படம், பாட்டு, திரைப்படம் அனைத்தும் குடியேற வேண்டும். ஆதலால் வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்குகிறோம். வாங்கியபின் எழுவதுதான் உண்மையான கேள்வி: உள்ளே எது, வெளியே எது?

இதற்கு விடை காண அவ்விரண்டின் இயல்பை அறிய வேண்டும். உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. எந்த மூலையில் உள்ள செய்தியையும் நொடிப்பொழுதில் எடுத்துத் தரும். வெளியே இருக்கும் வன்தட்டோ சுழல்வது. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகிறது. படிக்கும் முனை உரிய இடத்திற்கு நகர்ந்து, தட்டும் சுற்றி வந்து சேர, ஒரு கோப்புக்குச் சுமார் 15 மில்லிநொடி எனக் கொள்வோம். 10,000 சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதற்கு 150 நொடி, அதாவது இரண்டரை நிமிடம், தேடுவதிலேயே கழியும். ஒரு திரைப்படமோ ஒரே நீண்ட கோப்பு. ஒருமுறை இடத்தைக் கண்டுவிட்டால் நீரோட்டம் போல் தொடர்ந்து படிக்கலாம். அங்கே வன்தட்டின் மெதுநடை நமக்குத் தெரிவதே இல்லை.

இதிலிருந்து ஒரு விதி தானே பிறக்கிறது. சிறியனவும் பலவும் அடிக்கடி தொடப்படுவனவும் உள்ளே இருக்க வேண்டும். பெரியனவும் சிலவும் எப்போதோ எடுக்கப்படுவனவும் வெளியே செல்லலாம். இயக்கு முறைமை, செயலிகள், இந்தப் பருவத்துப் பாடங்கள், எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை ஆகியவை உள்ளே இருக்கட்டும். முடிந்துபோன பருவத்தின் விரிவுரைப் பதிவுகள், பழைய ஒளிப்படங்கள், பார்த்து முடித்த திரைப்படங்கள் வெளியே போகட்டும். செயலிகளைக் கோப்புறையோடு பெயர்த்து வெளியே கொண்டுபோவது மட்டும் கூடாது. அவற்றின் வேர்கள் இயக்கு முறைமையில் பல இடங்களில் ஊன்றியிருக்கும், பெயர்த்தால் பட்டுப்போகும்.

மேலும், உள்ளே உள்ள இடத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள். எஸ்.எஸ்.டி. பழைய எழுத்தின்மேல் நேராகப் புதிய எழுத்தை எழுத இயலாதது. ஒரு பகுதி முழுவதையும் அழித்த பின்னரே அங்கே மீண்டும் எழுதும். அதற்கு மாற்றிடம் வேண்டும். பத்தில் ஒரு பங்கேனும் வெறுமையாக இருந்தால் அது இளைப்பாறி வேலை செய்யும்.

இனி இடம்மாற்றும் வேலையைப் பார்ப்போம். ஒரே தட்டுக்குள் ஒரு கோப்பை ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே கோப்பு நகரவே இல்லை. அது எந்த உறைக்கு உரியது என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது. ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்கு மாற்றும்போதோ, முழுவதையும் அங்கே எழுதிவிட்டு, பிறகு இங்கே இருப்பதை அழிக்க வேண்டும். அப்பொழுதுதான் கம்பி அசைவதும் மின்சாரம் நிற்பதும் பெருந்தொல்லை ஆகின்றன. ஆகவே வெட்டி ஒட்டாதீர்கள், முதலில் படியெடுங்கள். அங்கே சென்ற கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். அதன் பின்னரே இங்கே அழியுங்கள். கம்பியைப் பிடுங்குவதற்கு முன் பிரிப்பதற்கு உரிய கட்டளையை இடுங்கள். எழுதி முடிந்தது போல் திரை காட்டினாலும், இன்னும் எழுதப்படாத சில துளிகள் நினைவகத்தில் காத்திருக்கக் கூடும்.

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன். என் அத்தை நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுவதில் வல்லவர். எழுதப் படிக்க அறியாதவர். பாட்டெல்லாம் நெஞ்சிலேயே இருந்தன. விடுமுறைதோறும் சென்று அவர் அருகில் அமர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தேன். 2017ஆம் ஆண்டில் என் கணினியில் இடம் நிறைந்தது. நான் மேலே சொன்ன விதிப்படியே, எப்போதோ கேட்கும் அப்பதிவுகளை வெளித்தட்டுக்கு மாற்றினேன்; உள்ளே இருந்தவற்றை அழித்தேன். அத்தையின் குரல் தனியே ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று நிறைவும் கொண்டேன்.

ஓர் இரவு, தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே என் கை பட்டு மேசையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்து இணைத்தேன். டிக், டிக் என்ற ஓசை மட்டுமே வந்தது. பழுது பார்ப்பவர் இரண்டு நாள் முயன்றுவிட்டுக் கையை விரித்தார். அத்தை அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். மறுபடியும் சென்று பாடச் சொல்ல இயலாது.

நான் செய்த பிழை யாது? தட்டைத் தவறவிட்டது சிறு பிழை. எவர் கையிலிருந்தும் எதுவும் விழக்கூடும். பிரித்து வைத்ததைக் காத்து வைத்ததாக எண்ணியதே பெரும்பிழை. உள்ளே இருந்ததும் ஒரு படி. வெளியே சென்ற பின்னும் அது ஒரே படி. இடம் மாறியதே ஒழிய எண்ணிக்கை கூடவில்லை. வெளித்தட்டுக்கு அனுப்பினால் உள்ளே இடம் கிடைக்கும். பாதுகாப்புக் கிடைப்பதற்கு இரண்டாவது படி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் எத்தனையோ மாணவர்கள் ஆய்வேட்டை இழந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

ஆகவே வெளியே அனுப்பும் எல்லாவற்றையும் இரண்டாகப் பகுத்துப் பாருங்கள். இழந்தால் மறுபடியும் பெறக்கூடியவை ஒருவகை. திரைப்படமும் செயலியும் அவ்வகையின. அவற்றிற்கு ஒரு படி போதும். மறுபடியும் பெற இயலாதவை மற்றொரு வகை. நீங்கள் எழுதியவை, நீங்கள் எடுத்த படங்கள், உங்கள் பெரியோரின் குரல் ஆகியவை அவ்வகையின. இவற்றிற்கு மூன்று படிகள் வேண்டும். இரண்டு வகையான சாதனங்களில் அவை இருக்க வேண்டும். ஒன்றேனும் வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும் என்பது, ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய எளிய விதி. மூன்று இயலாவிடின் இரண்டேனும் வையுங்கள். நெடுங்காலம் வைப்பதற்குப் பென்டிரைவை நம்பாதீர்கள். பயன்படுத்தாமல் கிடந்தால் அதனுள் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்திற்கு ஒரு முறை இணைத்துத் திறந்து பாருங்கள்.

அத்தையின் பாட்டுகளில் மூன்று மட்டும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. என்றோ ஒரு நாள் என் தங்கை கேட்டாள் என்று அவளுடைய செல்பேசிக்கு அவற்றை அனுப்பியிருந்தேன். காக்க வேண்டும் என்று எண்ணி நான் அனுப்பவில்லை. அவள் கேட்க விரும்பினாள், அவ்வளவே. நான் பத்திரப்படுத்தியவை போயின; தங்கைக்குக் கொடுத்தவை நின்றன.

இப்பொழுது அம்மூன்றும் மூன்று இடங்களில் இருக்கின்றன. இன்று இரவு நீங்கள் கணினியைத் திறக்கும்போது, உங்கள் விதைநெல் எது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இன்னொரு படி எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உறங்கச் செல்லுங்கள்.