ஹெட்டே இல்லாத எஞ்சினுக்கு எங்கே கேஸ்கெட்?

சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் போவதற்குள் ஏதாவது ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். பின்னால் வெள்ளைப் புகை. மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்: "ஹெட் கேஸ்கெட் போச்சு சார்." அவரிடமே ஒரு வாங்கல் ரோட்டரி விமான எஞ்சினைக் கொண்டுபோய் வைத்தால்? ஹெட் இல்லை, வால்வு இல்லை, பிஸ்டனே இல்லை! இடுப்பு ஒடுங்கிய அறைக்குள் ரோட்டர் என்ற புஷ்டியான முக்கோணம் ஒன்று சுற்றுகிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெங்களூரு என்.ஏ.எல். விமான ஆய்வகமும் அகமத்நகர் வி.ஆர்.டி.இ. ராணுவ வாகன ஆய்வகமும் சேர்ந்து 55 குதிரைத்திறனில் ஒன்றைச் செய்தன. 2009 ஏப்ரலில் 'நிஷாந்த்' ஆளில்லா விமானம் அதைக் கொண்டு கோலாரில் பறந்தது. எஞ்சினின் எடை சுமார் 30 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம்தான் கனம்! நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் விமான வாடை உண்டு: விமானப் பொறியியல் சொல்லித்தரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் பிறந்தது, தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்கல் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட். விமான எஞ்சின் பேச இதைவிடத் தோதான வட்டாரம் ஏது?

சரி, உள்ளே எட்டிப் பார்ப்போம். நடுவில் ரோட்டர் ஹவுசிங், இருபுறமும் தட்டுகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் நீள போல்ட்டுகள். சுவருக்குள் கூலன்ட் ஓடுகிறது. அதற்கும் நெருப்புக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய ஓ-ரிங்தான். இந்த எஞ்சினுக்கு கேஸ்கெட் அதுதான்! பிஸ்டன் எஞ்சினில் ஒரே சிலிண்டரில் நெருப்பும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி வரும். இங்கே பிளக் பக்கம் எந்நேரமும் நெருப்பு, எதிர்ப்பக்கம் எந்நேரமும் புதுக்காற்று. ஒரு பக்கம் மட்டும் விரிந்து விரிந்து ஹவுசிங் நெளியும். ரிங் நசுங்கி விறைத்துப்போகும். அதனால் முதல் சந்தேகமே பிளக் பக்கத்தின் மேல்தான்.

இனி துப்பறியும் படலம். ராத்திரி நின்ற எஞ்சின் காலையில் திணறுகிறதா? தித்திப்பு வாடையோடு வெள்ளைப் புகையா? தரையில் சொட்டுகூட விழாமல் கூலன்ட் குறைகிறதா? ஓடும்போது கூலன்ட் டேங்கில் குமிழி கொப்பளித்தால் அந்த ஆவியை நீல நிற டெஸ்ட் திரவத்துக்குள் விடுவார்கள். மஞ்சளானால் எரிந்த வாயு கையும் களவுமாகப் பிடிபட்டது!

எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை. கூலன்ட் பாதையில் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் இக்னிஷனைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றி, புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினால், ரிங் போயிருக்கும் பட்சத்தில் பிளக் ஓட்டையிலிருந்து பச்சைக் கூலன்ட் பீய்ச்சி அடிக்கும்! (தண்ணீர் அமுங்காது. பிளக்கோடு ஸ்டார்ட்டரைத் தட்டியிருந்தால் கதை கந்தல்.) முக்கோணத்தின் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் உடைந்ததோ என்ற குழப்பமும் இங்கேயே தீரும். அது ரோட்டரோடு சுற்றுவது. உடைந்தால் அதை ஒட்டிய இரண்டு முகங்கள்தான் நோஞ்சானாகும். ஹவுசிங் அசையாதது, ஒழுக்கு அங்கே என்றால் மூன்று முகங்களும் நனையும்.

பிரித்ததும் முதலில் ரிங்கைப் பார்க்க மாட்டார்கள், அது உட்கார்ந்த பள்ளத்தைத்தான் பார்ப்பார்கள். பள்ளத்தின் சுவர் அரித்திருந்தால் புது ரிங் போட்டாலும் நிற்காது. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். விலையைக் கேட்டால் எஞ்சினைவிட நமக்குத்தான் சூடேறும்.