வீட்டு வண்டியின் வெடிப்பு

ஓலைத்தொடுவாய்க் கரையில் பழைய பெட்போர்டு சி.ஏ. வீட்டு வண்டியொன்றைக் கண்டோம். 1952 முதல் 1969 வரை இங்கிலாந்தில் தயாரான இனம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே உண்டு. எஞ்சினோ ‘டிக், டிக்’ என்று முறையிட்டது. புகையை வெளியேற்றும் மனிபோல்டில் மயிரிழை வெடிப்பு!

சூடேறினால் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும், ஏமாறலாகாது. இவ்வண்டியில் எஞ்சின் பாதி சாரதியருகே உள்நுழைந்து நிற்பது. கசியும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடக்கூடும்.

வார்ப்பிரும்பில் அவசர ஒட்டு நில்லாது. பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். வெடிப்பின் முனைகளில் சிறு துளையிட்டு, முழுவதையும் சூடேற்றி, நிக்கல் கம்பியால் சிறுகச் சிறுக ஒட்டி, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். வண்டிக்காரர் அன்றே புறப்படத் துடித்தார். “சாம்பல் ஆறட்டும், தம்பி” என்றார் பட்டறைக்காரர்.