கேஷ்: ஒரு வடிவம், இரு பிறப்பு

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளால் ஆன ‘கேஷ்’ என்னும் சொல், வங்கி முகப்பிலிருந்து மளிகைக் கடை வரை தமிழரின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றுவிட்ட சொற்களுள் ஒன்று. ஒலியிலும் பொருளிலும் அது ‘காசு’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை மிக நெருங்கி நிற்பதால், தமிழிலிருந்தே ஆங்கிலம் அதைப் பெற்றது என்ற கருத்து பரவலாக வழங்குகிறது. ஆயினும் ஆங்கிலத்தின் பெரிய சொல்வரலாற்று அகராதிகளில் ‘கேஷ்’ என்பதற்கு ஒரு பதிவு அல்ல, இரண்டு தனித்தனிப் பதிவுகள் உள்ளன. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக இருந்தும் வெவ்வேறு வேர்களிலிருந்து பிறந்த இத்தகைய சொற்களை மொழியியலார் ஒப்புருச் சொற்கள் என்பர். அவ்விரண்டில் ஒன்று இத்தாலிய வணிகரின் பணப்பெட்டியிலிருந்து வந்தது. மற்றொன்று தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசியரின் வழியாகச் சென்றது. இவ்விரு வரலாறுகளையும் பிரித்தறிந்தால்தான் இச்சொல்லில் தமிழுக்கு உரிய பங்கு எது, அது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இன்றைய பொருள்கள்

இன்றைய வழக்கில் ‘கேஷ்’ என்பதன் முதற்பொருள் ரொக்கம், அதாவது கைக்குக் கை மாறும் நாணயமும் தாளும் ஆகும். காசோலை, கடன் அட்டை, தவணை ஆகியவற்றுக்கு எதிர்நிலையில் நிற்கும் உடனடிப் பணம் என்பது இப்பொருளின் உட்கூறு. அன்றாடச் சில்லறைச் செலவுக்கென அலுவலகங்களில் ஒதுக்கப்படும் சிறுதொகையும், சொந்த உணவுக்காக அன்றிச் சந்தையில் விற்பதற்கென்றே பயிரிடப்படும் பருத்தி, கரும்பு போன்ற பணப்பயிர்களும் ஆங்கிலத்தில் இச்சொல்லைச் சேர்த்தே குறிக்கப்படுகின்றன. கணக்கியலில் இதன் எல்லை இன்னும் விரிகிறது. கையிருப்பும் வங்கியில் கேட்டவுடன் கிடைக்கும் வைப்பும் மட்டுமன்றி, ஏறத்தாழ மூன்று மாதத்துக்குள் முதிர்வதும் மதிப்பு மாறும் இடர் மிகக் குறைந்ததுமான முதலீடுகளும் ரொக்கத்துக்கு நிகரானவை எனக் கொள்ளப்பட்டு, ஒரு நிறுவனத்தின் பணப்பாய்வு அறிக்கையில் அதனுடன் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. இவை அனைத்தும் முதற்சொல்லின் பொருள்கள். இரண்டாம் சொல்லின் பொருள் முற்றிலும் வேறு: தென்னிந்தியாவிலும் சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புழங்கிய, மதிப்பில் மிகச் சிறிய நாணயம்.

பெட்டியிலிருந்து வந்த சொல்

முதற்சொல்லின் வேர் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லில் உள்ளது. பிடித்தல், கொள்ளுதல் என்று பொருள்படும் ‘காபெரே’ என்னும் வினையிலிருந்து பிறந்த அது, பண்டைய உரோமில் சுருளேடுகளை இட்டு வைக்கும் பெட்டியைக் குறித்தது. அதன் வழித்தோன்றல்கள் ஐரோப்பிய மொழிகளில் பல்கிப் பெருகின. தமிழ் வாசகர் நன்கறிந்த சூட்கேஸ் என்பதன் பிற்பகுதியும், ஒலிநாடாவின் கேசட்டும், மருந்துக் கடையின் கேப்சூலும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும் அந்த ஒரே வேரின் கிளைகள்.

இத்தாலியத்தில் இவ்வேர் ‘காசா’ என்றாகிப் பெட்டியையும், சிறப்பாக வணிகரின் பணப்பெட்டியையும் குறித்தது. வெனிஸ், புளோரன்ஸ், ஜெனோவா நகரங்களின் வணிகர்கள் கணக்கெழுதும் கலையில் ஐரோப்பாவுக்கே ஆசான்களாக விளங்கிய காலத்தில், லூக்கா பச்சோலி என்னும் துறவி 1494ஆம் ஆண்டு வெனிஸில் அச்சிட்ட கணித நூலில், ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். வணிகன் திறக்கவேண்டிய முதற்கணக்குகளில் மூலதனக் கணக்குக்கு இணையாக அவர் வைப்பது ‘காசா’ கணக்கையே. பேங்க், கிரெடிட், டெபிட் ஆகிய சொற்களைப் போலவே, இத்தாலியரின் கணக்கு முறையோடு சேர்ந்து இச்சொல்லும் பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் வடக்கே பரவி, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. ஜான் ஃபுளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, ‘காசா’ என்பதற்குப் பேழை என்ற பொருளோடு வணிகரின் ‘கேஷ்’ என்ற பொருளையும் தருகிறது.

பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகி வந்ததைத் தமிழ் இலக்கணம் இடவாகுபெயர் என்னும். தமிழ்நாட்டுக் கடைகளில் பணம் போட்டு வைக்கும் கல்லாவின் பெயரால் அன்றைய வசூலையே ‘கல்லா’ என்று சொல்வதும் இவ்வகை மாற்றமே. ஆங்கிலத்தில் பெட்டி என்ற பொருள் காலப்போக்கில் வழக்கொழிந்து பணம் என்ற பொருள் மட்டும் நிலைத்தது. பெட்டியைக் காப்பவர் என்ற அடிப்பொருளில் தோன்றிய ‘கேஷியர்’ பணத்தைக் கையாள்பவர் ஆனார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சாசனம் பெற்றது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் என்பதை நினைத்தால், ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு முன்பே இலண்டன் கணக்கேடுகளுக்கு வந்துவிட்டது என்பது தெளிவாகும்.

பொன் மணியாகவும் பொன் நாணயமாகவும் காசு

இரண்டாம் சொல்லின் வரலாறு இதைவிடப் பழமையானது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, பொற்கொல்லன் புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். அங்கே காசு என்பது அணிகலனின் உறுப்பாகிய பொன்மணி. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு இலக்கண நூலார் வகுத்த நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகவும் இச்சொல் இடம்பெற்றதால், யாப்புப் பயின்ற ஒவ்வொருவரின் நாவிலும் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளது.

ஏழாம் நூற்றாண்டில் காசு நாணயமாகவே புழங்கியதற்குத் திருவீழிமிழலைப் பதிகம் சான்று. பஞ்சக் காலத்தில் அடியாரின் உணவுக்காக இறைவன் நாள்தோறும் அளித்த படிக்காசில், தமக்குக் கிடைத்தது மாற்றுக் குறைவால் வட்டம் பிடிக்கப்பட்டதை உணர்ந்த திருஞானசம்பந்தர், அக்குறை நீங்கிய காசு வேண்டிப் பாடினார் என்பது வரலாறு. நாணயத்தின் தரத்தை நோட்டம் பார்த்து மதிப்பைக் கழிக்கும் சந்தை வழக்கம் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது. சோழர் கல்வெட்டுகளில் காசும் ஈழக்காசும் கொடைக்கும் வட்டிக்கும் அளவுகோலாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், அறக்கட்டளையாக வைத்த ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக வகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

காசு என்னும் சொல் மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் வழங்குகிறது. எடையையும் அவ்வெடை கொண்ட நாணயத்தையும் குறித்த ‘கர்ஷ’ என்னும் வடசொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. எனினும் பொன்மணி என்ற பொருளில் தமிழில் இச்சொல் பெற்றுள்ள தொன்மையும் திராவிட மொழிகளில் அதன் பரவலும் அதற்குத் தனித்த வாழ்வு இருந்ததை உணர்த்துகின்றன. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பொன்னின் தூய்மை குறைந்து செம்பு மிகுந்து, விசயநகரக் காலத்தில் வராகன் பொன்னாகவும், பணம் அதனினும் சிறு நாணயமாகவும், காசு அடிமட்டச் செப்பு நாணயமாகவும் அமைந்த படிநிலை உருவாயிற்று. ஐரோப்பியர் வந்து கண்ட காசு இந்தச் செப்புக் காசே.

கடல் கடந்த காசு

போலோஞாவைச் சேர்ந்த பயணி லுடோவிகோ டி வர்த்தெமா, 1510இல் உரோமில் அச்சான தம் பயண நூலில், தென்னிந்தியாவில் ‘தாரம்’ என்னும் வெள்ளி நாணயம் ஒன்றுக்குப் பதினாறு ‘காஸ்’ கொடுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். போர்த்துக்கீசியர் இதே சொல்லைத் தம் மொழியில் ‘கைஷா’ என்று எழுதினர். அவர்கள் மொழியில் அவ்வெழுத்துக்கூட்டுக்கு ஏற்கெனவே பெட்டி என்ற பொருள் இருந்தது; அதுவும் இலத்தீனத்துக் ‘காப்சா’வின் வழி வந்ததே. அறியாத அயற்சொல்லை அறிந்த சொல்லின் சாயலில் எழுதும் இயல்பான பழக்கத்தால், இரு வேர்களும் முதன்முதலில் ஒரே வடிவில் சேர்ந்தது ஆங்கிலத்தில் அன்று, போர்த்துக்கீசியத்தில்தான்.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், அங்கும் சாவகத்திலும் சீனத்திலும் புழங்கிய, நடுவில் துளையுள்ள சிறு நாணயங்களுக்கும் இந்தியாவில் கற்ற இதே பெயரை இட்டனர். வட்ட வடிவும் சதுரத் துளையும் கொண்ட அந்நாணய மரபு சீனத்தில் சின் பேரரசன் காலத்திலேயே நிலைபெற்று, தாங் அரசு 621இல் வெளியிட்ட நாணயத்தால் புதிய அளவும் எழுத்தும் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. சீனர் அதைச் ‘சியென்’ என்றே அழைத்தனர். ஆயினும் ஐரோப்பியர் எழுத்தில் அது காசாகவே பதிவாயிற்று. கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, சுந்தா நாட்டில் இருநூறு அல்லது ஆயிரம் எண்ணி ஒரு கயிற்றில் கோக்கப்படும் ‘கைஷா’ என்னும் துளை நாணயத்தை ஆங்கில வாசகர் அறிந்தனர். ஃபுளோரியோவின் அகராதி வெளியான அதே ஆண்டில் இது நிகழ்ந்ததால், பெட்டியின் வழி வந்த சொல்லும் தமிழின் வழி வந்த சொல்லும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆங்கில அச்சைத் தொட்டன என்று கூறலாம். இன்று நாணயவியலார் சீனம், கொரியா, யப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளின் துளை நாணயங்கள் அனைத்தையும் ‘கேஷ்’ என்றே வகைப்படுத்துகின்றனர்.

நாணயத்தின் மேல் பொறித்த பெயர்

தமிழ்க் காசுக்கும் ஆங்கிலக் ‘கேஷு’க்கும் உள்ள உறவுக்குச் செம்பில் வார்த்த சான்றுகளும் கிடைக்கின்றன. கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நடத்திய சோகோ ஆலையில் நீராவி எந்திரத்தால் அச்சிடப்பட்ட கம்பெனிச் செப்புக்காசுகளில் உரோம எண்ணோடு ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும், இருபது ‘காஸ்’ நான்கு ‘ஃபலூஸ்’ ஆகும் என்ற பாரசீக வாசகமும் ஒரே புறத்தில் உள்ளன. 1808 என்னும் ஆண்டு பொறித்த இத்தகைய காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம் உள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கியதால், சென்னைக்கு வரவேண்டிய காசுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்தக் கடலடியிலிருந்தே மீட்கப்பட்டன.

ஆங்கிலேயர் மட்டுமே இப்பெயரை எடுத்தாளவில்லை. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியர் தம் சிறு நாணயங்களில் ‘காஸ்’ என்றே பொறித்தனர். சென்னை மாகாணம் 1818இல் வெள்ளி ரூபாய்க் கணக்குக்கு மாறிய பின் கம்பெனிக் காசு மறைந்தாலும், திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949இல் அந்த அரசு கொச்சியோடு இணையும் வரை தொடர்ந்தது. அங்கு வெளியான நாணயத்தில் ஒரு காசு என்பது ஆங்கிலத்தில் ‘ஒன் கேஷ்’ என்றே எழுதப்பட்டது.

ஒலி ஒற்றுமையும் சான்றும்

இரு சொற்களின் ஒலியும் பொருளும் ஒத்திருப்பது மட்டுமே அவற்றின் உறவை நிலைநாட்டப் போதுமானதன்று. ஒரு சொல் எந்த நூற்றாண்டில், எவர் எழுத்தில், எந்த வணிகப் பாதையின் வழியாகத் தோன்றியது என்ற தொடர்ச்சி கிடைத்தால்தான் சொற்பிறப்பு உறுதியாகும். கணினியில் அடிக்கடி தேவைப்படும் தரவைத் தேக்கி வைக்கும் ‘கேஷ்’ நினைவகத்தின் பெயர் இதே ஒலியில் உச்சரிக்கப்பட்டாலும், அது ஒளித்து வைத்தல் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பணிநீக்கம் செய்தல் என்று பொருள்படும் ‘கேஷியர்’ என்னும் வினைக்கும் பணம் வாங்கும் கேஷியருக்கும் உறவில்லை. இவற்றைப் போலவே, வங்கியின் ரொக்கமாகிய ‘கேஷ்’ தமிழிலிருந்து வந்தது என்ற கூற்றும் சான்றின் முன் நிற்பதில்லை.

ஆனால் சான்று தமிழுக்கு அளிப்பது அதனினும் பெரிது. கோழிக்கோட்டிலிருந்து மலாக்கா வரையும் அங்கிருந்து சீனம் வரையும் நீண்ட கடல்வணிகத்தின் மிகச் சிறிய நாணயத்துக்கு ஐரோப்பிய மொழிகள் ஒரு பொதுப்பெயரைத் தேடியபோது, அவற்றுக்குக் கிடைத்த பெயர் காசு. பிற நாட்டு அரசுகள் தம் செம்பில் பொறித்ததும், இன்று கிழக்காசிய நாணயங்களை ஆராயும் எவரும் தவிர்க்க இயலாததும் இந்தப் பெயரே. ஆகவே இல்லாத உறவை ஒலியால் நாடுவதை விடுத்து, நாணயத்தாலும் ஆவணத்தாலும் நிறுவப்பட்ட இந்த உண்மையான பங்கைப் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் எடுத்துரைப்பதே தமிழ்ச் சொல்வரலாற்றுக்குச் செய்யும் நேரிய தொண்டாகும்.